பெட்ரோல் இருக்கிறது தம்பி

பெட்ரோல் இருக்கிறது தம்பி. அதை மட்டும் கேட்காதீர்கள். வண்டி நிற்கிறதே என்று இரக்கப்பட்டு இறங்கி வருகிற ஆள் எல்லாம் முதலில் அதைத்தான் கேட்கிறான். பெட்ரோல் போடாமல் கிளம்புகிற ஆள் மாதிரியா இருக்கிறேன்? புதன்கிழமை தவறாமல் போடுகிறேன். முந்தாநாள்தான் போட்டேன். வண்டியை ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளக் சளக்கென்று கேட்கும். கேட்கிறதா? அவ்வளவுதான். மூடியைத் திறக்க வேண்டாம்.

உங்கள் ஸ்கூட்டரை அந்த வேலிக்கருவை நிழலில் போடுங்கள். கோவில்பட்டிக்கா? போர் மோட்டார் பார்க்கிறவரா? அப்படியானால் கை பழகியிருக்கும். பாருங்கள், பாருங்கள். மணி என்ன? ஒன்பது நாற்பதா?

பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் தம்பி. அதற்குள் நான் கழுகுமலையில் ஒரு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நாலு கிலோமீட்டர்தான். வேகமாக நடந்தால் போய்விடலாம், அது தெரிகிறது. ஆனால் நடந்து போய் நிற்கிற வீடு இல்லை அது. மெக்கானிக் வீடு, வாசலிலேயே கடை. என் மச்சினன் வீடு. "வண்டி எங்க அத்தான்?" என்று கேட்டுவிடுவான். உங்கள் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாலும் அதையேதான் கேட்பான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் இடம் கொடுக்க மாட்டேன்.

உதைத்துப் பார்க்கிறீர்களா? உதையுங்கள். நான் முப்பது உதை உதைத்துவிட்டேன். முழங்கால் பிசகுகிறது.

பிளக்கா? கழற்றிப் பாருங்கள். தீபாவளிக்குப் போட்ட புதுப் பிளக். தீப்பொறி வரும். அதெல்லாம் வரும். இது சீக்கு வந்த வண்டி இல்லை தம்பி, இது குணம் கெட்ட வண்டி. நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். நான் ஒரு பீடி குடித்து முடித்தால் ஒரே உதையில் கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். இன்றைக்கு இது மூன்றாவது இடம்.

எனக்கு ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே. பால் வியாபாரம். வீடு வீடாகக் கறந்த பாலை வாங்கி, கேனில் ஊற்றி, சங்கரன்கோவில் டீக்கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பெயர் வெள்ளத்துரை. மூணாவதோடு படிப்பை நிறுத்தினேன், ஆனால் பாலில் விரலை விட்டால் எந்த வீட்டு மாடு என்று சொல்லிவிடுவேன். பாலுக்கு நேரம் முக்கியம் தம்பி. வெயில் ஏறிவிட்டால் கேனுக்குள்ளேயே திரிந்துவிடும். இந்த வண்டியால் எத்தனை கேன் திரிந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். டீக்கடையில் ஒருத்தன் கேட்கிறான்: "என்ன அண்ணாச்சி, பாலுக்கு ஊத்துன கையோட பெட்ரோலுக்கும் தண்ணிய ஊத்திட்டியளா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தக் கடைக்குப் பால் கிடையாது.

எப்போதிலிருந்து இப்படி என்றா? சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசம், மழை ஈரத்தில் சறுக்கி விழுந்தேன். பெரிய அடி இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை, எங்கள் ஊர்க் கோவில் பூசாரியிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னார், "வண்டிக்கு நெத்தியில மட்டும் பொட்டு வச்சாப் போதாது. வயித்துலயும் வையி. வெள்ளிக்கிழமை தவறக் கூடாது." நெற்றி என்றால் முன்னால் இருக்கிற லைட். வயிறு என்றால் டேங்க். அன்றிலிருந்து ஒரு வெள்ளி தவறியதில்லை. லைட்டுக்கு ஒன்று, டேங்க் மூடிக்கு ஒன்று. கடைச் சந்தனம் இல்லை, கல்லில் உரைத்த சந்தனம். இதோ பாருங்கள், காலையில் வைத்தது, இன்னும் ஈரம் காயவில்லை. அதற்கப்புறம் ஒரு தடவை கூட விழவில்லை தம்பி. நின்று போகிறதே தவிர விழவில்லை. சாமி அந்த மட்டும் காப்பாற்றுகிறார்.

அந்த ஆடிக்குப் பிறகுதான் இந்தக் கோளாறு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பாடாய்ப் படுத்தும். திங்கள் செவ்வாய்க்கு அடங்கிவிடும். புதன், வியாழன் வெண்ணெய் மாதிரி ஓடும். மறுபடி வெள்ளி. நிற்கிற இடமும் ஒரே இடம். ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் ஒரு கண்மாய்க் கரை, அங்கே ஒரு ஆலமரம். சரியாக அதன் பக்கத்தில் நிற்கும். அந்த மரத்தில் ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். இருக்கட்டும் என்று பொட்டை இன்னும் கொஞ்சம் கெட்டியாக வைக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு அந்தப் பாதையே இல்லை, எதிர்த் திசை. அப்படியும் ஐந்தாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டது. மரத்தில் இருந்தது பின்சீட்டில் ஏறி வந்துவிட்டதோ என்னவோ.

சிரிக்காதீர்கள். மூடி பக்கம் ஏன் கையைக் கொண்டு போகிறீர்கள்? பெட்ரோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நான் மச்சினன் கதைக்கு வருகிறேன். கழுகாசலம் என்று பெயர். என் வீட்டுக்காரி கோமதிக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. நல்ல வேலைக்காரன், அதைச் சொல்லியாக வேண்டும். தெருவில் ஒருத்தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவான். யார், எந்த ஊர் என்று கேட்க மாட்டான். ஆனால் பேச்சு கிடையாது. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை. அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

அவனிடம்தான் வண்டியைக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. வெள்ளி, சனி எனக்குப் பால் வசூல், திங்கள் அந்தப் பணத்தை மாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற நாள். அதனால் திங்கள் கழித்து செவ்வாய்க்கிழமைதான் போவேன். போனால் வண்டி நல்ல பிள்ளை. அவன் உதைக்க வேண்டாம், கால் வைத்தாலே கிளம்பும். கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ட்யூபை மாற்றினான். ஒருநாள் முழுக்க அவனே ஓட்டிப் பார்த்தான். "வண்டியில ஒண்ணும் இல்ல அத்தான்" என்றான். வெள்ளிக்கிழமை நின்றது. மறுபடி கொண்டுபோனேன். "ஒண்ணும் இல்ல அத்தான்." இப்படி ஏழு தடவை. நீங்களே சொல்லுங்கள், ஏழு தடவை ஒன்றும் இல்லை என்று சொன்னால் என்ன அர்த்தம்? நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். அல்லது அவன் ஒரிஜினல் கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு வேறு எதையோ மாட்டிவிட்டான் என்று அர்த்தம். இதை நான் இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். சொன்னது அவன் காதுக்குப் போயிருக்கும். போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவனும் ஒரு தடவை கேட்டான். "அத்தான், வெள்ளிக்கிழம மட்டும் என்ன செய்யுதிய வண்டிய?" எனக்கு எப்படி இருந்திருக்கும்? வெள்ளிக்கிழமை நான் குடிப்பதில்லை, கறி தின்பதில்லை. குளித்து, விபூதி பூசி, வண்டிக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கிளம்புகிறவன். என்னைப் பார்த்து என்ன செய்கிறாய் என்கிறான்.

மணி என்ன? ஐம்பதா?

அதற்கப்புறம் ஆயுத பூசை வந்தது. இரண்டு வருஷம் ஆகிறது. முற்றத்தில் வண்டியைக் கழுவி நிறுத்தி, பால் கேன், அருவாள், மண்வெட்டி எல்லாம் வரிசையாக வைத்து, மாலை போட்டு, என் கையாலேயே பொட்டு வைத்திருந்தேன். டேங்க் மூடிக்கு மூன்று விரலால் அள்ளி வைத்தேன். என் தங்கச்சி மாப்பிள்ளை, சித்தப்பா மகன்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று சனம் நிற்கிறது. கழுகாசலம் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கினான். வாங்க என்று சொல்வதற்குள் நேரே வண்டியிடம் போனான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ தொலைந்து போன சாமானைக் கண்டவன் மாதிரி அவன் முகம் அப்படி மலர்ந்தது. அவன் நல்ல வேட்டி கட்டி வந்தாலும் இடுப்பில் அந்த எண்ணெய்த் துணி இருக்கும். உருவினான். மூடி மேல் இருந்த பொட்டை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டான்.

தம்பி, நீங்கள் கல்யாணம் ஆனவரா? ஆனவர் என்றால் புரியும். பூசை நாளும் அதுவுமாக, இன்னும் சூடம் கூடக் காட்டவில்லை, அக்காள் வீட்டு முற்றத்தில் நின்று, அத்தான் தினமும் உயிரைப் பணயம் வைத்து ஏறிப் போகிற வண்டிப் பொட்டைத் தம்பிக்காரன் அழிக்கலாமா? எனக்குக் கோமதி நெற்றிதான் கண் முன்னால் வந்தது.

"அத்தான், ஒரு நிமிசம், நான் சொல்லுததக் கேளுங்க" என்றான்.

"என்னத்தலே சொல்லப் போற? ஒங்க அக்கா நெத்தியில கெடக்குறதயும் சேத்து அழிச்சிட்டுப் போ" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த துணியைத்தான் பார்த்தான். வீட்டுக்குள் இலை போட்டாகிவிட்டது. கோமதி பருப்பு ஊற்றிவிட்டாள். அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போய்விட்டார்கள். நான் விடவில்லை. அந்த இடத்திலேயே மறுபடி சந்தனம் குழைத்து, முன்னைவிடப் பெரிதாக, எல்லோரும் பார்க்க வைத்தேன். சாயந்தரம் வண்டியை எடுத்தேன். ஆலமரத்துப் பக்கத்தில் நின்றது. அவன் கண் பட்டதுதான், வேறென்ன.

அதிலிருந்து போக்குவரத்து இல்லை. கோமதி ஒரே ஒரு தடவை, "எந்தம்பி போன்ல சொன்னான், அந்த மூடியில..." என்று ஆரம்பித்தாள். "அவன் பேச்சு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றேன். அதோடு நிறுத்திவிட்டாள். நான் சொன்னால் கேட்கிறவள். ஆனால் அன்றிலிருந்து வண்டிக்குச் சந்தனம் உரைத்துத் தர மாட்டேன் என்கிறாள். கை வலிக்கிறதாம். நானே உரைத்துக்கொள்கிறேன். சில வெள்ளிக்கிழமை பொட்டு வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்து எழுந்து வருவதற்குள் மூடியில் இருக்கிற சந்தனம் காணாமல் போயிருக்கும். காக்கா கொத்திவிட்டது என்பாள். அந்த அவசரத்தில் மறுபடி வைக்க நேரம் இருக்காது. அப்படிப்பட்ட நாளில் வண்டி நிற்பதே இல்லை. பொட்டு இல்லாவிட்டாலும் சாமி விட்டுவிடவில்லை பாருங்கள்.

இப்போது எதற்குப் போகிறேன் என்று கேட்கிறீர்கள். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். சங்கரேஸ்வரி என்று பெயர், ஒரே பிள்ளை. தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை, அது எங்கள் வழக்கம். தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் மணைக்கு வர வேண்டும். என் சித்தப்பா மகன்களில் ஒருத்தனை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் சொல்கிறாள், "மாமா கையப் பிடிச்சித்தான் வருவேன். இல்லன்னா நீங்களும் மாப்பிள்ளையும் மட்டும் மணையில உக்காந்து போட்டோ எடுத்துக்கிடுங்க." எப்படி வளர்த்திருக்கிறேன் பாருங்கள்.

சரி, கோமதி, நீ போய் அழைத்துவிட்டு வா என்றேன். அவள் அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "வெரட்டுன வாய்தான் போயிக் கூப்பிடணும். நீங்க கூப்பிட்டு அவன் சரின்னு சொன்ன பெறகு நான் வாரேன். சொல்லலேன்னா கல்யாணத்துக்கும் நான் வரல" என்றாள். இருபத்தேழு வருஷத்தில் இப்படிப் பேசியதில்லை தம்பி. குரலைக் கூட உயர்த்தவில்லை. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

இதோ, பையில் எல்லாம் இருக்கிறது. தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை, குங்குமம், சந்தனம். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "மாப்ளே, நடந்தத நான் மனசுல வச்சிக்கல. ஒன்ன மன்னிச்சிட்டேன். மகளுக்காக வா." நன்றாக இருக்கிறதா? கம்பீரமாக இருக்கிறது இல்லையா? அதைச் சொல்லவிடாமல்தான் இந்தச் சனியன் நடு ரோட்டில் நிற்கிறது.

என்ன? சாவியா? சாவி எதற்கு?

திறந்துதான் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். சரி, பாருங்கள், உங்கள் ஆசையைக் கெடுப்பானேன். இத்தனை நாள் திறக்க விடாமல் வைத்திருந்து என்ன கண்டேன். இந்தாருங்கள்.

கேட்டீர்களா, உஸ் என்று ஒரு சத்தம்? வண்டிக்கும் அலுத்துவிட்டது. புதன்கிழமை திறக்கும்போது இப்படிப் பெருமூச்சு விடாது. பெட்ரோல் இருக்கிறதா? நான் சொன்னேன் அல்லவா?

ஊக்கா? இருக்கிறது, அரைஞாண் கயிற்றில் எப்போதும் ஒன்று கிடக்கும். எதற்கு? மூடியில் எங்கே ஓட்டை? சாவித் துவாரம்தானே தெரிகிறது. அதை ஒட்டி இன்னொன்றா? எனக்குக் கண் தெரியவில்லை. பொறுங்கள், பொட்டை ஏன் அழிக்கிறீர்கள்? தம்பி, வேண்டாம், இன்றைக்கு வெள்ளிக்கிழமை...

ஓ.

ஆமாம், அது எனக்குத் தெரியும். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் விழாது. காற்றுப் போக இன்னொரு ஓட்டை போட வேண்டும். கோமதிக்கு நான்தான் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுப்பேன். அது எனக்குத் தெரியாதா?

டேங்குக்கும் அப்படித்தானா?

உதைக்கிறீர்களா, உதையுங்கள்.

ஒரே உதை.

அணைத்துவிடுங்கள் தம்பி. கொஞ்சம் அணையுங்கள். சத்தத்தில் யோசிக்க முடியவில்லை.

ஈரமாக இருக்கிற வெள்ளி, சனி, ஞாயிறு. காய்ந்து உதிர்ந்த பிறகு திங்கள், செவ்வாய். அவன் கடைக்குப் போகும்போது பொட்டே இருக்காது. ஏழு தடவையும் அவன் பார்த்தபோது வண்டியில் ஒன்றும் இல்லைதான். ஆயுத பூசை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பொட்டோடு பார்த்தான். அதனால்தான் அப்படி முகம் மலர்ந்தான். நீங்கள் இப்போது எந்த இடத்தில் கட்டை விரலை வைத்துத் துடைத்தீர்களோ அதே இடம்.

காக்கா. எங்கள் வீட்டில் காக்கா சந்தனம் தின்கிறது. இரண்டு வருஷமாக நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துத் தின்றிருக்கிறது. எனக்குச் சோறு போட்டுவிட்டு அவள் வாசலுக்குப் போய் வருவாள். கையைக் கழுவிக்கொண்டு வருவாள்.

மணி என்ன?

பத்து ஐந்து. நேரம் இருக்கிறது. நீங்கள் கிளம்பலாம் என்கிறீர்கள். வண்டி இனி நிற்காது என்கிறீர்கள். நிற்காது, தெரிகிறது. நல்ல வண்டியில் ஜம்மென்று போய் அவன் வாசலில் இறங்கி என்ன சொல்வேன்? மன்னித்துவிட்டேன் என்று சொல்ல இனி வாய் வராது. இன்னொன்றைச் சொல்ல வேண்டும், அதுவும் வராது. ஐம்பத்தொன்பது வயசு வரைக்கும் வராதது கழுகுமலை போய்ச் சேருவதற்குள் வந்துவிடுமா? வாசலில் நின்று தட்டை நீட்டிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவேன். அவனும் பேச மாட்டான். பேசாத ஆள் அவன். பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடுவான்.

அந்தப் பையை இங்கே கொடுங்கள். தட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கும், வாழை இலையில் மடித்தது. அதுதான். சந்தனம்.

தடுக்காதீர்கள் தம்பி, நான் ஒன்றும் பைத்தியம் இல்லை. ஈரமாக வைத்தால் ஐந்து கிலோமீட்டர் என்பது என் கணக்கு. நாலில் நிற்குமா? கெட்டியாக, அந்த ஓட்டை மேலேயே வைத்தால்? நீங்கள் மோட்டார்க்காரர், சொல்லுங்கள். கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டால் பரவாயில்லை, தள்ளிக்கொண்டு போகிறேன். தெருவில் ஒருத்தன் தள்ளிக்கொண்டு வந்தால் அவன் யாரென்று பார்க்க மாட்டான், ஓடி வந்துவிடுவான். பக்கத்தில் வந்த பிறகுதான் நான் என்று தெரியும். வந்த கால் திரும்பாது. நிற்காமலே போய்விட்டால், கடைக்கு முன்னால் நானே அணைத்துவிட்டு உதைக்கிற மாதிரி உதைக்கிறேன்.

இந்தச் சாந்து போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கிறேன்.

போய் வருகிறேன் தம்பி. ஊக்கு உங்களிடமே இருக்கட்டும், வேண்டாம், கொடுங்கள், அவன் கேட்பான். வந்ததும் முதலில் என்ன கேட்பான் தெரியுமா? "பெட்ரோல் இருக்கா அத்தான்?" என்றுதான் கேட்பான். கேட்கட்டும். "நீயே தொறந்து பாரு மாப்ளே" என்று சாவியை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.